வாடகை கேட்கும் மோர்டோர்

திரைப்படப் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் பலகை விளையாட்டுகளெல்லாம் கடைச்சரக்கு, தாயமும் பல்லாங்குழியும்தான் அறிவை வளர்ப்பவை என்ற பேச்சு பாரம்பரிய விழா மேடைகளில் வாடிக்கையாகிவிட்டது. மலேசியாவின் கேமரன் மலை வரைக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது. பாதி உண்மை என்பதால் கைதட்டலும் கிடைக்கிறது. மறுபாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தாயத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தரையில் சுண்ணக்கட்டிக் கோடு, ஒரு பக்கம் உரசிய புளியங்கொட்டை, வெட்டுவதற்கு ஓர் அத்தை மகன். மழை விடாத மாலைகளில் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலுக்கு அது போதும். பல்லாங்குழிக்கு மலாய்க்காரர் வீடுகளில் சோங்காக் என்றொரு பங்காளி உண்டு. இரண்டிலும் கதை கிடையாது. காய் காய்தான், குழி குழிதான். பரமபதம் அப்படியல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க விரிக்கும் அந்தப் படத்தில் அரக்கர் பெயர் தாங்கிய பாம்புகள் வாய்பிளந்து கிடக்கும், உச்சியில் வைகுண்டம் இருக்கும். அது இங்கிலாந்துக்குப் போய் 1890களில் அச்சுப் பலகையானபோது விக்டோரியா காலத்து நீதிபோதனையாக மாறியது. பிறகு அதுவும் உதிர்ந்து வெறும் பாம்பும் ஏணியும் ஆயிற்று. மாயக்கதையைப் பலகையில் விரித்து வீடே உட்கார்ந்து ஆடுவது நமக்குப் புதிதல்ல என்பதை மேடைப் பேச்சாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

திரைப்படப் பெயர் தாங்கிய விளையாட்டுப் பெட்டிகளின் பழைய காலம் சோம்பலானது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' ஓடியதும் கென்னர் நிறுவனம் ஒரு பலகையைச் சந்தைக்கு அனுப்பியது. அதன் பின் வந்தவற்றில் பெரும்பாலானவை பகடையை உருட்டு, நகர், அட்டையை எடு என்ற ஒரே தடத்தில் ஓடியவை; மாறியது மேலட்டைப் படம் மட்டும். எல்லாவற்றிலும் கேவலமானது மோனோப்போலிக்குப் பட வேஷம் கட்டியது. 2003இல் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மோனோப்போலி வந்தது. உலகை விழுங்க வரும் மோர்டோரின் இருளை எதிர்த்து நடந்தே போன சிறிய மனிதர்களின் கதையை வைத்துக்கொண்டு, இடம் வாங்கி வாடகை வசூலிக்கச் சொல்கிறார்கள்! மோனோப்போலியின் உள்ளூர் உறவான சைடினாவையும் இந்த மலையில் பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள். 1929இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமானாலும் வேறு தோட்டமானாலும், லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து பிள்ளை காகித நோட்டைக் கொடுத்து வீடு வாங்குகிறது. இந்த ஆட்டம் கற்றுத்தரும் கணக்கை எந்த மேடையில் பாராட்டுவது?

என் கட்சி 'ஜுமாஞ்சி'. கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1981இல் எழுதி வரைந்த படப்புத்தகம், 1995இல் ராபின் வில்லியம்ஸ் நடித்த படமானது. படமே ஒரு பலகை விளையாட்டைப் பற்றியது. அதிலிருந்து மில்டன் பிராட்லி நிறுவனம் மறுபடி ஒரு பலகையைச் செய்தது. விமர்சகர்கள் அதை மதிப்பதேயில்லை. அதிர்ஷ்டம் அதிகம் என்பார்கள், அதுவும் சரிதான். ஆனால் அதன் நடுவில் ஒரு நல்ல மூளை வேலை செய்திருக்கிறது. வெறும் கட்டத்தில் நின்றால் ஆபத்து அட்டையை எடுக்க வேண்டும். அதைப் பலகை நடுவிலுள்ள சிவப்புக் கண்ணாடிக்கு அடியில் செருகினால்தான் எழுத்து தெரியும். உடனே மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள். சிக்கியவரைக் காப்பாற்ற மற்றவர்கள் பகடையை உருட்டித் தள்ள வேண்டும். மணல் தீர்ந்தால் காடு ஓரடி முன்னேறும். காடு நிறைந்துவிட்டால் எல்லோருக்கும் தோல்வி. முதலில் நடுவை அடைபவர்தான் வெற்றியாளர். ஆனாலும் போட்டியாளனைக் கைவிட்டால் தானும் சேர்ந்து மூழ்க வேண்டும். இந்த முரண்தான் அதன் உயிர். எட்டு வயதுப் பிள்ளை பாட்டிக்காகப் பதறிப் பகடை உருட்டுவதைத் தாயத்தில் பார்க்க முடியாது. அங்கே பாட்டியை வெட்டினால்தான் பழம்.

ரைனர் நிட்ஸியா, கணிதத்தில் முனைவர், 2000இல் இப்படிச் சேர்ந்து தப்பிக்கும் ஆட்டத்தைச் செம்மையாக்கினார். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை ஒட்டிய அவருடைய பலகையில் ஆடுபவர் எல்லோரும் ஒரே கட்சி, இருளின் தலைவன் சௌரோன்தான் எதிராளி. 2016இல் வந்த 'ஹாரி பாட்டர்: ஹாக்வார்ட்ஸ் பேட்டில்' அதே வழியில் போகிறது, சற்று நீளம்.

பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டைத் திரைப்படத்தில் வரும் காடு என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுவதுண்டு. இந்த மலைக்கு உண்மையான ஆபத்துகளும் தெரியும். 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையின் நீரைத் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. மண் சரிந்தால் தானா ராத்தா சாலையே நிற்கும். சேர்ந்து தப்பிக்கும் ஆட்டத்தை இங்குள்ளவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கதைக்கும் பஞ்சமில்லை. 1957இல் வந்த 'மாயா பஜார்' ஒன்றே போதும். கடோத்கஜன் வத்சலாவாக உருமாறிக் கௌரவர்கள் வந்திருக்கும் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்; நம்மில் யார் கடோத்கஜன் என்று கண்டுபிடிக்கும் ஆட்டம் அங்கேயே தயாராக இருக்கிறது. ஏறி நின்றவர் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கும் பீடம் ஓர் அட்டை, சகுனியின் பகடை இன்னொன்று. பாரம்பரிய விழா நடத்துகிறவர்களே, அடுத்த ஆண்டு பல்லாங்குழிப் போட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, இப்படியொரு பலகையை வரைந்து தரும் இளைஞருக்குக் கொடுங்கள்.