எளிய பொருளும் புலன் என்னும் வனப்பும்

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்பினை வகுத்துரைத்தார். அவற்றுள் புலன் என்பது சேரிமொழியால் அமைவது. ஆராய்ந்து பொருள் காண வேண்டாது, கேட்ட அளவில் விளங்குவது. மக்கள் நாவில் வழங்கும் எளிய சொல் என்பதனால் அதனை அவர் ஒதுக்கினாரல்லர். வனப்பு என்றே பெயரிட்டார். சொற்கலைக்கு அவர் தந்த இவ்வுரிமையைக் கைவினைக்குத் தர நம் திறனாய்வாளர் தயங்குகின்றனர். அத்தயக்கம் முறைதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு விருத்தாசலம் ஏற்ற ஊர். தேவாரத்தில் முதுகுன்றம் எனப்படும் இத்தலத்தைப் பழமலைநாதர் கோயிலால் அறிந்தோர் பலர். பீங்கானால் அறிந்த தமிழாசிரியர் சிலரே. நெய்வேலிப் பகுதியில் வெண்களிமண் கிடைப்பது இவ்வூர்த் தொழிலுக்குத் துணையாயிற்று. களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்புறத்தில் களிமண் தோல்போற் படியும். எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டுப் படிந்ததனை எடுத்து, பிசிறு சீவி, உலர்த்தி, மெருகிட்டுச் சூளையிற் சுடுவர். இவ்வாறு ஓர் அச்சிலிருந்து யானையோ பிள்ளையாரோ வரிசை வரிசையாகப் பிறக்கும். மின்சாரத்துக்குரிய பியூஸ் கேரியரும் இவ்வூர்ப் பீங்கானே.

பீங்கான் மின்பொருள்களை அடுக்கிச் சுவர் எழுப்பிய கலைஞர் ஒருவர் வடநாட்டில் வாழ்ந்தார். சண்டிகரின் நேக் சந்த் (1924-2015) பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றியவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் பிறந்த மண்ணை இழந்தவர். லெ கொர்பூசியே வகுத்த புதுநகருக்காகச் சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. அவ்விடிபாடுகளையும், உடைந்த வளையல், கோப்பை முதலியவற்றையும் அவர் திரட்டினார். சுக்னா ஏரியை அடுத்த காட்டுப் பள்ளத்தில் 1950களின் இறுதி தொடங்கி, அரசு அறியாவண்ணம், ஏறத்தாழ 18 ஆண்டுகள் உருவங்கள் சமைத்தார். அதுவே 1976இல் பாறைத் தோட்டம் என மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கழிவைக் கலையாக்கினார் என்று அவரைப் போற்றுவர். இப்பாராட்டு எமக்கு உடன்பாடன்று. கழிவு மறைந்து கலை தோன்றிற்று என்னும் கருத்தை அது தருகின்றது. அங்கு நிகழ்ந்தது வேறு. மகளிர் உருவங்களின் ஆடை வளையல் துண்டுகளால் ஆயது. அணுகிக் காண்பார்க்கு அது வளையலாகவே தெரியும். அகன்று காண்பார்க்கு ஆடையாகும். ஒரு காட்சி மற்றொன்றை அழிப்பதில்லை. புலனிலும் சேரிமொழி சேரிமொழியாக நின்றே செய்யுளாகின்றது; வேறொன்றாக வேடம் புனைவதில்லை. பேச்சுமொழியைச் சிறுகதையிற் பேசவிட்ட புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம் என்பது தற்செயலே. எனினும் நினைக்க இனிக்கின்றது.

இவ்வளவுகோலை விருத்தாசலத்துப் பொம்மைக்கு வைத்துப் பார்ப்போம். அச்சில் வார்த்தது என்பது குற்றமாகாது. நேக் சந்தும் ஒத்த உருவங்களை அணியணியாக நிறுத்தினார். வெண்பாவும் ஓர் அச்சே. குறை பிறிதோரிடத்தில் உளது. சுட்டெடுத்த யானையின்மேல் பொன்வண்ணம் பூசி அதனை உலோகம்போற் காட்ட முயலுங்கால், பீங்கான் தன்னைத்தானே மறுத்துவிடுகின்றது. வாங்குவோர் விரும்புவது அதுவே என்பர் விற்போர். அக்கூற்றை எளிதில் தள்ளலாகாது. தொழிலாளர் கூலி அவ்விருப்பத்தைச் சார்ந்தது. கொலுப்படியில் மின்னும் பொம்மை ஓர் எளிய குடும்பத்துக்குத் தரும் மகிழ்ச்சியும் பொய்யன்று. ஆயினும் அம்மகிழ்ச்சியைக் காரணமாக்கி வாளாவிருப்பது, அக்கைவினைஞரைக் கலைஞராக மதியாமையேயாம். நற்றிணையில் விழா அறிவிக்கும் குயவனையும், புறநானூற்றில் ஈமத்தாழி வனையும் குயவனையும் புலவர் நேரே விளித்துப் பேச வைத்தனர். இன்று விருத்தாசலத்துக் கைவினைஞரை விளித்துப் புகழ்வாரும் இல்லை, இடித்துரைப்பாரும் இல்லை.

யாம் சென்ற கடையில் பொன்பூசிய யானைகள் முன்தட்டில் நின்றன. பின்தட்டில் அகல்விளக்குகள் இருந்தன. வெண்மெருகன்றி வேறு பூச்சில்லை. திரி வைக்கும் மூக்கை, ஈரம் புலராமுன், யாரோ ஒருவர் விரலால் அழுத்திவிட்டிருந்தார். அவ்வழுத்தம் விளக்குக்கு விளக்குச் சற்றே வேறுபட்டது. அவற்றுள் நான்கினை வாங்கி வந்தோம்.