தரையில் விழும் கிரகணம்

சூரிய கிரகணத்தைப் படம் பிடிப்பதென்றால் கமராவை வானத்துக்குத் திருப்புவதுதான் வழக்கம். இலங்கை மலையகத்தின் கொட்டகலை போன்ற தோட்டத்து ஊரில் அதைத் தரைக்குத் திருப்புவதே மேலான ரசனை என்பது என் கட்சி. மலையகத்துக்கு அண்மைக் காலத்தில் வாய்த்தவை பகுதிக் கிரகணங்கள். 2010 ஜனவரி 15இல், தைப்பொங்கலுக்கு மறுநாள், இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட வளையக் கிரகணம் தனுஷ்கோடியையும் யாழ்ப்பாணத்தையும் தொட்டுச் சென்றது. 2019 டிசம்பர் 26இல் இன்னொரு வளையம் ஊட்டி, திண்டுக்கல் வழியாக வந்து நம் வடபகுதியைக் கடந்தது. இரண்டு தடவையும் கொட்டகலையின் பங்கு ஓரம் கடித்த அப்பம்போல ஒரு சூரியன். அதை வடிகட்டி போட்ட நீண்ட லென்ஸில் எடுத்தால் கறுப்புப் பின்னணியில் ஒரு பிறை வரும். அது கொழும்பில் எடுத்ததா, கொட்டகலையில் எடுத்ததா என்று படத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஊரின் முகம் இல்லாத அந்தப் படத்துக்காகவா ஒருவர் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும்?

அதே நேரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு பழைய லயத்துக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தகரக் கூரையில் ஆணி கழன்ற துளைகள் வழியே தரையில் வட்ட வட்டமாக வெயில் விழுந்து கிடக்கும். துளை சதுரமாக இருந்தாலும் கிழிசலாக இருந்தாலும் பொட்டு வட்டமாகவே விழும். ஏனென்றால் அது துளையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். துளையிலிருந்து தரைவரை ஒளி வரும் தூரத்தை 108ஆல் வகுத்தால் பிம்பத்தின் அளவு ஏறக்குறைய வந்துவிடும். பத்தடி தூரமென்றால் ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். துளை அதைவிட நன்றாகச் சிறியதாக இருந்தால் போதும். கிரகணம் பிடிக்கத் தொடங்கியதும் அந்தப் பொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தில் தேய ஆரம்பிக்கும். சிமெந்துத் தரையிலும், மடித்து வைத்த கம்பளியிலும், அடுப்பங்கரைப் புகை படிந்த சுவரிலும் பிறைகள் நிற்கும், வானத்தில் இருப்பதற்குத் தலைகீழாக. இஸ்தோப்புக்கு வெளியே கொய்யா மரத்தின் அடியில் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் அதே வேலையைச் செய்யும். பிறை மெலிய மெலிய நிழல்களின் குணமும் மாறும். விரித்த கையின் நிழல் ஒரு திசையில் கத்தி வெட்டியதுபோல் கூர்மையாகவும் மறு திசையில் மங்கலாகவும் விழும். ஒழுகும் கூரையை நான் போற்றவில்லை. அந்தக் கூரைகள் மாற வேண்டியவை. ஆனால் அவை இருக்கும்வரை, அவற்றின் கீழே விழும் பிறைகள் வேறெந்த ஊரிலும் எடுக்க முடியாத படம்.

முழுக் கிரகணத்தைக் கண்டவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஒரு விளிம்பு மிஞ்சினாலும் சூரியனைச் சூழ்ந்த ஒளிப்படலமான மகுடம் தெரியாது, அதைக் காணாதவர் கிரகணமே காணாதவர் என்பார்கள். முதல் பாதி உண்மை. பகுதிக் கிரகணம் முழுக் கிரகணத்துக்கு ஈடாகாது. ஆனால் முழுக் கிரகணப் படங்களின் வரலாறே வேறொன்றைச் சொல்கிறது. 1871 டிசம்பர் 12இல் நிலவின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து யாழ்ப்பாணம், திருகோணமலைவரை வந்தது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் நீலகிரியின் சோலூரில் நிறமாலைமானியோடு இருந்தார். தொட்டபெட்டாவில் டென்னன்ட் குழுவும், கேரளக் கரையின் பேக்கலில் ஹென்றி டேவிஸும் மகுடத்தைப் படமெடுத்தார்கள். மகுடம் சூரியனுடையதா, நம் காற்றுமண்டலத்தின் மாயையா என்ற சந்தேகம் அப்போது முற்றாகத் தீர்ந்திருக்கவில்லை. மலையுச்சியில் எடுத்த படமும் கடற்கரையில் எடுத்த படமும் ஒரே அமைப்பைக் காட்டியபோது அது சூரியனுடையதே என்பது வலுப்பட்டது. ஒரு படம் தனியாக அதைச் சொல்லியிருக்காது. கிரகணப் படக்கலை அன்று கூட்டுவேலையாகத்தான் பலன் தந்தது. கிரகணத்தைக் கூட்டாளிமாரோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான். ஒருவர் லயத்துக்குள், ஒருவர் மரத்தடியில், ஒருவர் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் கொழுந்துச் சல்லடையைப் பிடித்தபடி என்று பிரிந்து நின்றால், ஒரே நிமிடம் ஓர் ஊர் முழுவதும் எப்படி இருந்தது என்பது பதிவாகும்.

மலையில் மேகத்தை நம்ப முடியுமா என்பார்கள். நம்ப முடியாதுதான். 1955 ஜூன் 20இல் அந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் இலங்கையில் காலையில் தெரிந்தபோது, வெளிநாடுகளிலிருந்து கருவிகளோடு வந்த குழுக்களை மேகம் ஏமாற்றியது. அவர்களுக்குச் சில நிமிடங்கள்தான் கைவசம் இருந்தன. பகுதிக் கிரகணத்துக்கோ மூன்று மணி நேரம். மேகம் விலகும் ஒவ்வொரு இடைவெளியிலும் தரையில் வேறொரு பிறை. கிரகணத்தில் வெளியே போகக்கூடாது என்ற வீட்டாரின் கட்டளையையும் தரையில் பார்க்கும் இந்த வழி மீறுவதில்லை. கர்ப்பிணிக்கும் உணவுக்கும் கிரகணத்தால் கெடுதல் இல்லை. ஆனாலும் உள்ளேயே இருக்க விரும்பும் ஓர் அம்மாவின் காலடிக்குப் பிறை தானே வந்து சேரும். கண்ணுக்கு வரும் ஆபத்து மட்டும் மெய். விழித்திரைக்கு வலி தெரியாததால் எரிந்துகொண்டிருப்பதை உணரவே முடியாது. எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, சாணம் கரைத்த தண்ணீரில் தெரியும் பிம்பம் எதுவும் காப்பாகாது. மூடுபனி வழியே சூரியன் மங்கலாகத் தெரிவதும் அப்படித்தான். சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பவருக்கோ இந்தக் கவலையே இல்லை.

2031 மே 21இல் அடுத்த வளையம் மதுரைப் பக்கமிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிறது. கொட்டகலைக்கு அதிலும் பகுதிதான், நண்பகலை ஒட்டிய நேரத்தில். சூரியன் உயரத்தில் இருப்பதால் பிறைகள் அதிகம் நீளாமல், துளையிலிருந்து வெகுதூரம் விலகாமல் விழும். கைபேசிக் கமரா தாராளமாகப் போதும். திரையில் பிறையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டால் தரை இருண்டு பிறை தெளியும். அளவு தெரிய ஒரு குழந்தையின் உள்ளங்கையைச் சட்டகத்துக்குள் வைக்கலாம். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஒரு சாதாரண வெயில் நாளில், அதே நேரத்தில், எந்தத் துளையின் பொட்டு எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் குறித்து வைப்பது நல்லது.