பண்டமும் கதையும்: சீனரின் சொங்சி குறித்து ஒரு நோக்கு

சீனச் சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் உண்ணப்படும் சொங்சி, இலையிற் பொதிந்து அவிக்கப்படும் பசையரிசிப் பண்டமாகும். மிலுவோ ஆற்றில் உயிர்நீத்த கவிஞர் சூ யுவானின் உடலை மீன்கள் தீண்டாதிருக்க மக்கள் ஆற்றிலிட்ட சோறே இதன் மூலம் என்பது பொதுவழக்கு. வரலாற்று நோக்கில் இக்கூற்று ஏற்புடையதன்று. கவிஞரின் வாழ்வை எழுதிய சீமா சியென், அவர் கல்லைத் தழுவி ஆற்றில் வீழ்ந்தமையைக் கூறுகின்றாரேயன்றிச் சோற்றைப் பற்றி யாதும் கூறினாரல்லர். கி.பி. 3ஆம் நூற்றாண்டினரான சோ சூ, இப்பண்டம் ஆண்டின் மிக நீண்ட பகலையுடைய நாளிலும் உண்ணப்பட்டதாகக் குறிப்பிடுகின்றார். கவிஞரோடு இதனை இணைக்கும் பழைய கதை வூ சுன் (469–520) என்பாரின் நூலிற் காணப்படுகின்றது. அங்கும் சோறு கவிஞருக்கிட்ட படையலே, அதனைக் கவர்வது நீர்நாகம், மீன்களல்ல.

எனவே, பருவத்தையொட்டிய உணவு முந்தியது, கதை பிந்தியது எனக் கொள்வதே பொருந்தும். சுசோ பகுதியில் இவ்விழா வூ சிசூ என்னும் அமைச்சரின் நினைவோடு பிணைந்துள்ளமையும் இதனை வலியுறுத்தும்.

ஆயினும், கதையைப் பொய்யென ஒதுக்கிவிடுதல் திறனாய்வாகாது. அவ்விருவரும் தத்தம் மன்னராற் புறக்கணிக்கப்பட்டவர்கள். அரசவை மறுத்த இடத்தை மக்கள் தம் அடுப்படியில் அவர்களுக்கு அளித்தனர். பண்டத்தின் தோற்றத்துக்கு இக்கதை சான்றாகாது. அதனை உண்டோரின் நீதியுணர்வுக்குச் சான்றாகும்.