காவல் என்ற சொல்லும் ஒரு கோட்டை வாசலும்

பாளையங்கோட்டையின் பழைய கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். மேற்கு வாசல் அதில் ஒன்று. நெடுங்காலம் காவல் நிலையமாக இருந்ததால் ஊர்வாயில் அதற்குப் பெயர் 'மேடப் போலீஸ் டேசன்'. கட்டடத்தையும் பிரதியாக வாசிக்கலாம் என்கிறோம். அப்படியானால் கல்லுக்கு முன்னால் இந்தப் பெயரை வாசிக்க வேண்டும். பாரம்பரியம் பேசுகிறவர்களுக்கு அது ஊமைத்துரை சிறையுடைத்த கோட்டை. ஊர்க்காரனுக்கு டேசன், அவ்வளவுதான்.

1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தம்பி ஊமைத்துரையும் உறவினர்களும் பாளையங்கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். 1801 பிப்ரவரி 2 இரவு தப்பினார்கள். விறகு விற்கிறவர்கள் வேஷத்தில் ஆட்கள் உள்ளே வந்தார்கள் என்பது வாய்வழிக் கதை. இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்தது. மே 24இல் விழுந்தது. நவம்பரில் ஊமைத்துரைக்கும் தூக்கு. இதையெல்லாம் நாம் அறிவது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பு. மற்றது, நா. வானமாமலை போன்றவர்கள் பதிப்பித்த கதைப்பாடல்கள். வெல்ஷ் ஊமைத்துரையை மனம்விட்டு மெச்சுகிறார். வென்றவர்களுக்கு அது சுலபம்.

விஷயம் 'காவல்' என்ற சொல்லில் இருக்கிறது. பாளையக்காரர்களின் அதிகாரம் தேசக்காவல், ஸ்தலக்காவல் என்ற உரிமைகளின் மேல் நின்றது. கும்பினி ஆயுதத்தைப் பறித்ததோடு நிற்கவில்லை, இந்த உரிமையையும் பறித்தது. 1859ஆம் வருஷச் சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சீருடைப் போலீசைத் தந்தது. காவல்காரனை அடைத்த கோட்டையின் வாசலிலேயே பிறகு 'காவல் நிலையம்' என்று பலகை தொங்கியது. சொல் அதேதான், ஆள் மாறிவிட்டான். இதைச் சொல்வது பழைய காவலுக்காக ஒப்பாரி வைக்க இல்லை. காவல் வரி கொடுத்த குடியானவனையும், வரி கொடுக்கக்கூட நிலமில்லாத சேரிக்காரனையும் கேட்டால் இரண்டு காவலும் ஒண்ணுதான் என்றிருப்பான். கதைப்பாடலிலும் அவன் குரல் மெலிந்துதான் கேட்கிறது.

ஆகவே இம்மாதிரிக் கட்டடத்தைச் செப்பனிட்டு நினைவிடமாக்குவோம் என்று யாராவது சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. எந்த வருஷத்தோடு நிறுத்துவார்கள்? மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்கிறோம். 17ஆம் நூற்றாண்டு அரண்மனை. நேப்பியர் கவர்னராக இருந்தபோது பழுதுபார்க்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிலும் நீதிமன்றமாக ஓடியது. இப்போது ஒலி ஒளிக் காட்சியில் ராஜா இருக்கிறார், சிலப்பதிகாரம் இருக்கிறது. அந்த மண்டபத்தில் கைகட்டி நின்ற கட்சிக்காரன் இல்லை. கட்டடத்தின் வாழ்க்கையில் நமக்கு நெருக்கமான நூறு வருஷத்தை வெள்ளையடித்து மூடிவிடுகிறார்கள். டேசனுக்கும் அதுவே நடக்கும். 1801இல் தப்பியவர்கள் சுவரில் படமாவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் படியேறியவர்கள் எந்தப் படத்தில் வருவார்கள்?

கொக்கிரகுளம் அங்கிருந்து தூரமில்லை. 1999 ஜூலை 23 அன்று, சிறையிலிருந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுதலை செய், கூலியை உயர்த்து என்று கேட்டுக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டுப் பதினேழு பேர் செத்தார்கள். ஒரு குழந்தையும் உண்டு. ஊமைத்துரையின் ஆட்களும் சிறையிலிருந்தவர்களை மீட்கத்தான் வந்தார்கள். கோட்டை வாசலில் நினைவுப் பலகை வைக்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து எழுதட்டும். முதல் தேதிக்கு அரசாங்கத்தின் மாலை எப்போதும் கிடைக்கும். இரண்டாவதற்கு வருஷாவருஷம் ஆற்றில் பூப்போடுவது கட்சிக்காரர்களும் செத்தவர்களின் சொந்தக்காரர்களும்தான்.