வட்டக் குழிக்கு எத்தனை பை சீமெந்து?

தகரக் கொட்டகைக்கு ஆறு இரும்புக் குழாய்த் தூண் நடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் 18 அங்குல விட்டத்தில், 3 அடி ஆழத்தில் வட்டக் குழி. விட்டத்தின் அங்குலத்தை அதே எண்ணால் பெருக்கி, ஆழத்தின் அடியாலும் பெருக்கி, 183 ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். குழிக்கு 5.3, ஆறுக்கும் ஏறக்குறைய 32.

கோயம்புத்தூரானாலும் யாழ்ப்பாணமானாலும் இதுவரை கணக்கு ஒன்றுதான். சீமெந்துப் பை இரண்டு இடத்திலும் 50 கிலோ. அங்கே கோவையில் மணலையும் ஜல்லியையும் யூனிட்டில் வாங்குகிறார்கள், இங்கே யாழ்ப்பாணத்தில் கியூப்பில். இரண்டுமே 100 கன அடி.

கலவைக்கு வரும்போது பாதை பிரிகிறது. இங்கே வீட்டு வேலை என்றால் மேசன்மாருக்குச் சீமெந்து, மணல், முக்கால் அங்குலச் சல்லி 1:2:4 என்பது கைவந்த அளவு. தமிழ்நாட்டில் பொறியாளர் நின்று பார்க்கும் வேலையில் 1:1½:3 போடச் சொல்வார்; கம்பி கட்டிய கொங்கிறீற்றில் அந்த எம்20 தரத்துக்குக் கீழே போக இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 விடுவதில்லை. ஒரு கன அடி கொங்கிறீற்றுக்கு உலர்ந்த பொருள் 1.54 கன அடி என்று பிடிப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 1:2:4இல் ஒரு பைக்கு 5.7 கன அடி கிடைக்கும், அதாவது குழிக்கு ஒரு பை. 1:1½:3இல் நாலரைதான் தேறும். ஆறு குழிக்கு ஏழு பையும் கொஞ்சமும் வேண்டும்.

வட்டத்தைச் சதுரமாக நினைத்து ஒன்றரைக்கு ஒன்றரை, ஆழம் மூன்று என்று பெருக்கிவிடும் கைகளும் உண்டு. 5.3 வரவேண்டிய இடத்தில் 6¾ வரும், கால் பங்குக்கு மேல் கூடுதல். படித்தவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு சரியா என்பது எங்கே நின்று சிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கோவைப் பக்கத்துச் செம்மண்ணில் பெட்ரோலில் ஓடும் துளைக்கருவியை இறக்கினால் குழி குழாய் மாதிரி வழுவழுப்பாக வரும். அங்கே சதுரக் கணக்கு வீண்செலவுதான். 1:2:4இலேயே மிஞ்சும் ஒன்றரைப் பை ஈரக்காற்றில் கட்டிபட்டுக் கிடக்கும். சூத்திரத்தின் விடையோடு பத்து சதவீதம் சேர்த்து முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கதை வேறு. செம்மண் சில இடங்களில் இரண்டு அடிகூட இராது, அதன்கீழ் சுண்ணக்கல். அலவாங்கால் குத்தும்போது கல் தன் வெடிப்புப் போன போக்கில் பாளம் பாளமாகப் பெயரும். சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக உடைந்தால் விட்டம் 22. கன அளவோ ஒன்றரை மடங்காகி 7.9 ஆகிவிடும். ஆறு குழிக்கு 47 கன அடிக்கு மேல். சதுரக் கணக்கின் 40½கூட அங்கே எட்டாது. 1:2:4க்கு ஆறு பை வாங்கியவர் ஐந்தாம் குழி நிரம்புமுன் கடைக்கு ஆள் அனுப்பவேண்டும். ஆகவே சுண்ணக்கல் நிலத்தில் வெட்டி முடித்த பிறகே சீமெந்துக்குச் சொல்வது நல்லது. வாயிலும் நடுவிலும் அடியிலும் குறுக்கும் நெடுக்குமாக நாடா பிடித்து, சராசரி விட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்.

கூடுதலாகப் பெயர்ந்த இடத்தில் அதே கல்லைப் போட்டு நிரப்புவதும் நம்மூரில் நடக்கிறது. கழுவின கல்லாக இருந்து, சுற்றிலும் கலவை இறங்கினால் குற்றமில்லை. செம்மண் அப்பிய கல் கலவையோடு பிடிக்காது. குழாய் அடைக்கும் இடத்தைக் கழிக்கவேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. மூன்று அங்குலக் குழாய் ஒரு குழியில் பிடிப்பது 0.15 கன அடி. தாச்சியிலிருந்து சிந்துவதற்கு அது சரியாகிவிடும்.