காரத்தில் வெந்த முட்டை

சீனர்கள் அதைப் பீதான் என்கிறார்கள். தமிழர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாது. பிள்ளைகள் சிரித்துப் புரையேறிவிடுவார்கள். ஆங்கிலத்தில் செஞ்சுரி எக். நூறு ஆண்டெல்லாம் இல்லை, சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். தாய்லாந்துக்காரர்கள் ஒரு படி மேலே போய்க் குதிரை மூத்திர முட்டை என்று வைத்திருக்கிறார்கள். குதிரைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் வாங்குவது சிங்கப்பூர் தேக்கா சந்தையில். பெயர்த் தகராறு அந்தச் சந்தைக்கும் உண்டு. தேக்கா என்பது ஹொக்கியன் சொல், மூங்கிலடி என்று பொருள். 1982இல் புதுக் கட்டடம் வந்தபோது மாண்டரினில் சூஜியாவ் சென்டர் என்று பலகை மாட்டினார்கள். ஊர் நாக்கு வளையவில்லை. 2000இல் பலகைதான் தேக்காவுக்குத் திரும்பியது. ஆட்டுக்கறிக் கடையும் கறிவேப்பிலைக் கட்டும் தாண்டி நாலு எட்டு வைத்தால் சீனர் கடை முட்டைத் தட்டுகள். கரிச்சாம்பல் அப்பிக் கன்னங்கரேலென்று இருப்பது உப்பு முட்டை. அதை அவித்துத்தான் சாப்பிட வேண்டும். உமி ஒட்டியிருப்பது பீதான், உரித்தால் போதும். முதல் தடவை இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, உப்பு முட்டையை அப்படியே தட்டில் உடைத்து ஊற்றியவன் நான். இப்போது பீதான் கழுவித் துடைத்தே பெட்டியில் வருகிறது. ஊறும் வேகத்தைக் கூட்ட ஈய ஆக்சைடு சேர்த்த காலம் உண்டு என்பதால், ஈயம் இல்லை என்று அச்சிட்ட பெட்டியைத்தான் எடுப்பேன்.

உள்ளே இருப்பது வாத்து முட்டை. சுண்ணாம்பு, மரச்சாம்பல், உப்பு, தேயிலை எல்லாம் குழைத்த மண்ணில் புதைந்து கிடந்தது. தமிழில் காரம் என்றால் மிளகாயின் உறைப்பு. அமிலத்துக்கு எதிரே நிற்கும் சுண்ணாம்புக் குணமும் காரம்தான். இந்த இரண்டாவது காரம் ஓட்டின் நுண்துளைகள் வழியே இறங்கி, நெருப்பில்லாமலே முட்டையைச் சமைத்துவிடுகிறது. வெள்ளைக்கரு வெல்லப்பாகு நிறத்தில் கண்ணாடிபோல் உறையும். அதிலிருந்து பிரியும் கந்தகம் மஞ்சள்கருவின் இரும்போடு சேர, நடுப்பகுதி பாசிப்பச்சையாகிக் குழையும். தேர்ந்த முட்டையை உரித்தால் மேலே ஊசியிலைக் கிளை பதித்ததுபோல் வெண்படிகக் கோலம் தெரியும். பைன் பூ முட்டை என்று சீனர்கள் சொல்வது அதைப் பார்த்துத்தான். கோலம் விழுந்த முட்டை கிடைத்த நாளில் நான் உடனே நறுக்குவதில்லை, கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் அம்மோனியா வாடையும் பாதி போய்விடும்.

கத்தி வேண்டாம். மஞ்சள்கரு ஒட்டிக்கொண்டு துண்டுகள் அலங்கோலமாகும். பூக்கட்டும் நூல் ஒரு சாண் எடுத்து, முட்டையைச் சுற்றி இழுத்தால் ஆறு பிறைகள் அலுங்காமல் விழும். நடுப்பகுதி ரொம்பத் தளர்ந்திருந்தால் முன்பே ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து இறுக்கிக்கொள்ளலாம்.

சீனர் வீடுகளில் குளிர்ந்த தோஃபுவின் மேல் வைத்து, சோயா சாஸும் எள்ளெண்ணெயும் விடுவார்கள். என் தட்டில் அந்தத் தோஃபுவோடு விதை நீக்கிய வெள்ளரி, தண்ணீரில் அலசிய சின்ன வெங்காயம், கொத்தமல்லித் தண்டு. தண்டுதான், இலை சீக்கிரம் துவளும். இஞ்சியைத் துருவக் கூடாது, மயிரிழையாக அரிய வேண்டும். கடிபடும்போதுதான் அது முட்டைக்குப் பதில் சொல்லும். கடைசியில் இரண்டு கலமன்சி எலுமிச்சை பிழிந்தால் விஷயம் முடிந்தது. புளிப்பு வந்து சேர்ந்ததும் மிச்சமிருந்த வாடை அடங்கி, வெண்ணெய்போன்ற ருசி தலைகாட்டும். எண்ணெயில் மட்டும் எனக்குப் பிடிவாதம். சீனர்களுடையது வறுத்த எள்ளில் எடுத்தது, ஒரு சொட்டிலேயே மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் வாங்கும் நம் நல்லெண்ணெய் அடக்கமானது. ஒரு டீஸ்பூன் போதும். உப்பு கூடாது. முட்டையே உப்பில் ஊறியது. இரத்த அழுத்தக்காரர்கள் ஒரு முட்டையை இருவராகப் பகிர்வது நல்லது. ஒரு விருந்தில் இதே முட்டையை மயோனைசில் முக்கிக் கொடுத்தார்கள். பட்டுச்சேலைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டியதுபோல் இருந்தது.

அத்தை மட்டும் இதைத் தொடுவதில்லை. முட்டையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடியில் தேங்கிய இஞ்சியையும் கலமன்சிச் சாற்றையும் அப்பளத்தால் வழித்துச் சாப்பிடுவார்.

"அத்தை, அப்பளத்துலயும் காரம்தான் போடறாங்க. அப்பளக்காரம். இந்த முட்டைக்கு அது சொந்தம்" என்றேன்.

"இருக்கட்டும்ப்பா. அப்பளம் நாறாது" என்று அடுத்ததை உடைத்தார்.