அலரும் சொடுக்கும்: பிலிப்பைன்ஸ் இணையப் பொழுதுபோக்கு ஊடகத்தில் பெயர் மறைத்தல்

முன்னுரை

களவொழுக்கம் ஊரறிய வெளிப்படும் வழியை அம்பல், அலர் என இரு நிலைகளாகப் பகுத்துக் கண்டது தமிழ் அகமரபு. சொல்லாக வெளிப்படாத முணுமுணுப்பு அம்பல். ஊரார் வெளிப்படையாகப் பேசுவது அலர். ஊர்ப்பேச்சுக்கு இலக்கணத்துள் இடமளித்த இம்மரபு, நடிகர் நடிகையர் பற்றிய வதந்தியை நாள்தோறும் நுகரும் பிலிப்பைன்ஸ் இணைய ஊடகத்தை மதிப்பிடவும் ஓர் அளவுகோல் தரக்கூடும் என இக்கட்டுரை கருதுகிறது. இரண்டும் ஒன்றெனக் காட்டுவது நோக்கமன்று. அவை வேறுபடும் இடத்தைச் சுட்டுவதே நோக்கம்.

வாய்மொழியிலிருந்து காணொளிக்கு

ஊர்வம்பைத் தகாலோகு மொழியில் 'சிஸ்மிஸ்' என்பர். இது ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொல். நாளிதழ்களின் திரைப்பத்திகளும், வார இறுதித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் நெடுங்காலம் இதற்குக் களமாயின. ஜிஎம்ஏ தொலைக்காட்சியின் 'ஸ்டார்டாக்', ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சியின் 'தி பஸ்' ஆகிய இரு புகழ்பெற்ற நிகழ்ச்சிகளும் 2015ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றன. நிகழ்ச்சிகள் நின்றனவேயன்றிப் பேச்சு நிற்கவில்லை. பழைய பத்தியாளரும் தொகுப்பாளரும் பலர் யூடியூபில் தமக்கெனத் தளம் அமைத்துக்கொண்டனர். பார்வை எண்ணிக்கையே வருவாயாகும் அவ்விடத்தில், தலைப்பு செய்தியின் சுருக்கமாக இருந்த நிலை மாறி, செய்தியை மறைக்கும் திரையாயிற்று.

பெயர் கூறா மரபு

அன்பின் ஐந்திணையில் தலைமக்களை இயற்பெயரால் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பிலிப்பைன்ஸ் திரைப்பத்திகளில் 'பிளைண்ட் ஐட்டம்' என வழங்கும் குறிப்பும் பெயர் கூறுவதில்லை. தோற்றம், அண்மைய படம், உறவு ஆகியவற்றை மட்டும் உணர்த்தி நிற்கும். எனினும் இரு மறைப்பும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. அகப்பாடல் பெயரை நீக்குவதால் அவ்வுணர்வு எவர்க்கும் உரியதாகிறது. 'பிளைண்ட் ஐட்டம்' பெயரை நீக்குவதாலோ ஒருவரைத் தேடும் வேட்டை தொடங்குகிறது. எழுதியவர் பழியிலிருந்து தப்ப, பெயரிடும் வேலை வாசகரிடம் விடப்படுகிறது. தவறாக ஊகிக்கப்பட்டவர்க்கு மறுக்கவும் வழியில்லை. மறுத்தால் அம்மறுப்பே அடுத்த தலைப்பாகும்.

சொடுக்கத் தூண்டும் இணையத் தலைப்பு இவ்வுத்தியின் வளர்ச்சியே. நடிகரின் பெயரையும் படத்தையும் காட்டி, நிகழ்ந்தது என்ன என்பதை மட்டும் அது மறைக்கிறது. இங்குப் பிலிப்பைன்ஸுக்குரிய சிறப்புச் சூழல் ஒன்று உண்டு. 2013 முதல் அந்நாட்டுக் கைப்பேசி நிறுவனங்கள் முகநூலைத் தரவுக் கட்டணமின்றிப் பயன்படுத்த வாய்ப்பளித்தன. முகநூலில் தலைப்பைக் காண்பது இலவசம். இணைப்பைத் திறந்து செய்தியைப் படிக்கக் கட்டணம். ஆதலின் எளிய வருவாயினர் பலர்க்குத் தலைப்பே முழுச் செய்தியாக நின்றுவிடும். உள்ளே 'அது வதந்தி' என்று எழுதப்பட்டிருப்பினும், வெளியே நின்ற வாசகரிடம் எஞ்சுவது வினாக்குறியிட்ட ஐயம் மட்டுமே.

யார் வாய்?

சங்கப் பாடல்களில் அலர் தூற்றுவோர் பெரும்பாலும் பெண்டிராகவே சுட்டப்படுவர். கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பிலிப்பைன்ஸில் பரவிய 'மாரிடெஸ்' என்னும் கேலிப்பெயரும் அக்கம்பக்கத்துப் பெண்ணையே குறித்தது. தோழியை விளிக்கும் 'மாரே' என்ற சொல்லோடு புதுச்செய்தி கேட்கும் ஆங்கிலச் சொல் இணைந்து இப்பெயர் பிறந்தது என்பர். பழி தெருவோரப் பெண்ணுக்கு, வருவாயோ அலைவரிசைக்கும் தளத்துக்கும் என்ற ஏற்றத்தாழ்வை இக்கேலி மறைத்துவிடுகிறது.

சட்டமும் ஒரு வாயைத் தேடித் தடுமாறுகிறது. 2012ஆம் ஆண்டின் இணையக் குற்றத் தடுப்புச் சட்டம் இணைய அவதூறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2014இல் உச்ச நீதிமன்றம், மூலப்பதிவை எழுதியவரே பொறுப்பாவார். விரும்பியோரும் பகிர்ந்தோரும் ஆகார் என வரையறுத்தது. குடிமக்களின் பேச்சுரிமையைக் காக்கும் நல்ல தீர்ப்பு இது. ஆனால் அலர் என்பது ஓர் ஊரின் குரல். முதலில் சொன்னவரைத் தண்டிப்பதால் அது அடங்குவதில்லை. 2009இல் நடிகை ஒருவரின் அந்தரங்கக் காணொளி அவர் இசைவின்றிப் பரவியபோது நேர்ந்த கேடும் இத்தகையதே. அதன் விளைவாக அந்தரங்கப் படப்பதிவைத் தடுக்கும் குடியரசுச் சட்டம் 9995 இயற்றப்பட்டது.

எனினும் ஊர்ப்பேச்சு முழுவதையும் கீழ்மை எனத் தள்ளுவதும் பொருந்தாது. 1980களில் இளம் நடிகை ஒருவர் அளித்த பாலியல் வன்முறைப் புகார் தொடர்பான கட்டுரைகளை, 2018இல் அன்றைய செனட் அவைத் தலைவரின் வேண்டுகோளுக்குப் பின் ஒரு முன்னணி நாளிதழ் தன் இணையத்தளத்திலிருந்து நீக்கியது. அப்புகாரின் மெய்ம்மையைத் தீர்மானிப்பது இக்கட்டுரையின் பணியன்று. ஆயின், பொறுப்புடன் எழுதப்பட்ட ஆவணம் அகலும்போது அவ்விடத்தை நிரப்புவது வதந்தியே என்பது தெளிவு.

முடிவுரை

அகமரபில் அலருக்கு ஒரு பயன் உண்டு. தோழி அதனை எடுத்துரைத்துத் தலைவனை வரைவுக்குத் தூண்டுவாள். மணம் நிகழ்ந்தபின் அலர் ஓயும். இணைய அலர் ஓய்வதை வணிகம் விரும்பாது. உண்மை தெளிந்த நாளில் வருவாய் நின்றுவிடும். எனவே பிலிப்பைன்ஸ் பொழுதுபோக்கு ஊடகத்தை மதிப்பிடுவோர், 'மக்கள் ஏன் வம்பளக்கின்றனர்' என்பதைவிட, 'இந்த வம்பு முடியாதிருப்பதால் பயனடைவோர் யாவர்' என்று வினவுவதே ஏற்புடையது. அவ்வினாவை எழுப்ப நம் அகப்பொருள் இலக்கணம் துணைசெய்கிறது.